காமாலையே வராத கல்லீரல் நோய்

போன வருடம் மாங்காய் சீசன் முடிந்த கையோடு மாமாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனோம். காவேரிப்பட்டணம் பக்கம் மூன்று ஏக்கர் தோப்பு, பாதிக்கு மேல் பெங்களூரா மரங்கள். வலது கண்ணில் புரை முற்றிப்போய், லாரியில் ஏறும் கூடைகளை எண்ணவே ஆள் வைக்க வேண்டியதாகிவிட்டது. ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான். சர்க்கரை, உப்பு எல்லாம் சரி. தாளின் அடியில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: ஹெச்.சி.வி. ரியாக்டிவ்.

அந்தத் தனியார் மருத்துவமனையில் யாரும் உட்காரவைத்து விளக்கவில்லை. "லிவர்ல கிருமி இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாங்க" என்றார்கள். தேதி ரத்து. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமா கேட்டார்: "எனக்குக் காமாலையே வந்ததில்லையே மாப்ள, கல்லீரல்ல எப்படிக் கோளாறு வரும்?"

நியாயமான கேள்வி. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்கவே கல்லீரல் நோய் என்றால் மஞ்சள் காமாலைதான். கண் மஞ்சளாகும், சிறுநீர் மஞ்சளாகப் போகும், சோறு பிடிக்காது. கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள், உப்பும் எண்ணெயும் இல்லாமல் பத்தியம் இருப்பார்கள், சில வாரத்தில் சரியாகும். இந்தக் கதை பொய்யில்லை. ஆனால் இது வேறு கிருமிகளின் கதை. மாமாவின் தாளில் ஹெச்.சி.வி. என்று இருந்தது ஹெபடைடிஸ் சி வைரஸை.

ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் வீக்கம், அழற்சி. அதை உண்டாக்கும் வைரஸ்களில் முக்கியமானவை ஐந்து. ஏ, பி, சி, டி, இ என்று எழுத்துகளால் அழைக்கிறார்கள். ஏ-யும் இ-யும் கெட்ட தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருபவை. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தால் ஒரு தெருவே காமாலையில் படுப்பது இவற்றால்தான். பெரும்பாலானோருக்கு இவை தானாகவே ஆறிவிடும் (கர்ப்பிணிகளுக்கு இ வகை ஆபத்தானது, அது தனிக் கதை). தானாக ஆறும் நோய்க்கு யார் மருந்து கொடுத்தாலும் அவர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். நம் ஊர்ப்பக்கம் காமாலை வைத்தியர்களுக்குப் பெயர் கிடைத்தது பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் எண்ணம்.

சி வகையின் குணம் நேர் எதிர். அது முக்கியமாக ரத்தத்தின் வழியாகப் பரவும். உள்ளே நுழைந்தவுடன் பெரும்பாலானோருக்கு ஒன்றுமே தெரியாது. காமாலை வருவது சிலருக்குத்தான். கிருமி தொற்றிய நூறு பேரை எடுத்துக்கொண்டால், சுமார் முப்பது பேர் ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் அதைத் துரத்திவிடுகிறார்கள். மீதி எழுபது பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. தங்கினவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இருபது வருடத்துக்குள் கல்லீரல் சுருங்கி இறுகிப்போகிறது. சிரோசிஸ் என்பது இதைத்தான். அதிலிருந்து சிலருக்குக் கல்லீரல் புற்றுநோயும் வரும்.

இருபது வருடம் எப்படித் தெரியாமல் இருக்கும்? கல்லீரலின் சதைக்குள் வலி உணரும் நரம்பு கிடையாது. பாதி கெட்டாலும் மீதியை வைத்து வேலையை ஓட்டிவிடும் உறுப்பு அது. மாமாவுக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. கடைசியில் கொட்டை வண்டைச் சொன்னேன். மாங்காய் கோலிகுண்டு அளவு இருக்கும்போதே வண்டு தோலில் முட்டை வைத்துவிடும். அந்தத் தழும்பு ஆறிவிடும். காய் வளரும், நிறம் வரும், எடை நிற்கும், வெளியே ஒரு குறையும் சொல்ல முடியாது. அறுத்தால்தான் கொட்டைக்குள் வண்டு. "அப்போ நமக்கு எப்ப முட்டை வெச்சுது?" என்றார் உடனே.

அதற்கு யாரும் அடித்துப் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். எவர்சில்வர் டப்பா, அதற்குள் கண்ணாடி சிரிஞ்சு, பின்னால் வரிசையாக ஆட்கள். ஊசியை முறையாக இருபது நிமிடம் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கூட்டம் நின்ற நாளில் வெந்நீரில் ஒரு முக்கு முக்கி அடுத்தவருக்குக் குத்தினால் சாகாது. மாமா எண்பதுகளில் உடம்பு அசதிக்கென்று வாராவாரம் 'சத்து ஊசி' போட்டுக்கொண்டவர். அவர் மட்டுமா? மாத்திரை எழுதிக் கொடுத்தால் முகம் சுளித்து, "ஒரு ஊசி போட்டு உடுங்க சார்" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் இன்னும் சாகவில்லை. பட்டமே இல்லாமல் ஊசி போட்டவர் கைது என்ற செய்தியும் இந்த இரண்டு மாவட்டங்களுக்குப் புதிதில்லை.

ஊசி என்ன செய்யும் என்பதற்கு உலகமே காட்டும் உதாரணம் எகிப்து. நத்தை வழியாகப் பரவும் ஒரு புழு நோய்க்கு அங்கே 1950-களிலிருந்து எண்பதுகளின் தொடக்கம்வரை கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் ஹெபடைடிஸ் சி நாடெங்கும் பரவி, உலகிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. அந்தக் காலத்தில் அந்த வைரஸுக்குப் பெயரே கிடையாது. ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, வேறென்னவோ என்றுதான் மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். 1989-ல்தான் ஆள் பிடிபட்டது. அதற்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எகிப்தின் கதைக்கு நல்ல முடிவும் உண்டு: 2018-ல் தொடங்கி கோடிக்கணக்கானவர்களைச் சோதித்து, இலவசமாக மருந்து கொடுத்து, 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டையும் வாங்கிவிட்டார்கள்.

ஊசிக்கு அடுத்தது ரத்தம் ஏற்றுவது. நம் நாட்டில் தானமாக வரும் ரத்தத்தை சி வைரஸுக்குச் சோதிப்பது கட்டாயமானது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் பிரசவத்திலோ விபத்திலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், தலசீமியாவுக்காக மாதாமாதம் ரத்தம் ஏற்றுபவர்கள், போதை ஊசி பழக்கம் உள்ளவர்கள், மருத்துவமனையில் ஊசி கை தவறிக் குத்திக்கொண்ட பணியாளர்கள் ஆகியோருக்கும் இதுவே பொருந்தும். தாய்க்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு அளவில்தான். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை, காம்பில் வெடிப்பும் ரத்தமும் இல்லாதவரை. உடலுறவில் பரவலாம், ஆனால் பி வகையை ஒப்பிட்டால் குறைவு.

அப்புறம் நம் ஊருக்கே உரிய சில. திருவிழாவில் அலகு குத்தும்போது ஒருவருக்குக் குத்திய கம்பியைத் துடைத்து அடுத்தவருக்குக் குத்துவது. தேரடியில் பாய் விரித்துப் பச்சை குத்துபவர் ஒரே ஊசியை, ஒரே மைக்கிண்ணத்தை நாளெல்லாம் வைத்திருப்பது. மொட்டையடிக்கும் இடத்தில் பிளேடு மாற்றாத சவரக்கத்தி. காது குத்து. இந்த வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது; துணியில் துடைத்தால் போகாது. வேண்டுதலை விடச் சொல்லவில்லை. சொந்தமாகப் புதுக் கம்பி வாங்கிப்போக, "புது பிளேடு போடுங்கண்ணே" என்று வாய்விட்டுக் கேட்க எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

எதனால் பரவாது என்பதும் முக்கியம், ஏனென்றால் அன்று சாயந்தரமே வீட்டில் அத்தை மாமாவின் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்துவைத்துவிட்டார். பேரப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டிப் பிடித்தாலும், இருமினாலும், கொசு கடித்தாலும், ஒரே கழிவறையைப் பயன்படுத்தினாலும் இது வராது. தனியாக வைக்க வேண்டியவை மூன்றுதான்: ஷேவிங் ரேசர், பல் பிரஷ், நகம் வெட்டி. அத்தைக்கு நம்பிக்கை வர ஒரு வாரம் ஆனது.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். பலருடைய வாழ்க்கை தடுமாறுவது அந்த ஒற்றைச் சொல்லில்தான். ரியாக்டிவ் என்றால் உடம்பில் கிருமி இருக்கிறது என்று பொருளில்லை. அந்தக் கார்டு பரிசோதனை தேடுவது வைரஸை அல்ல, வைரஸோடு சண்டை போட உடம்பு உருவாக்கிய எதிரணுக்களை. தானாகவே கிருமியைத் துரத்திய முப்பது பேருக்கும் எதிரணு இருக்கும், கார்டில் இரண்டு கோடு விழும். சில நேரம் ஒன்றுமே இல்லாதவருக்கும் தவறாக விழும். பெரிய லேப்களில் ரியாக்டிவ் என்பதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் போடுவார்கள். அதைப் பார்த்து, கிருமி இவ்வளவு ஏறிவிட்டது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கிருமியின் அளவே அல்ல. எதிர்ப்புறத்திலும் ஒரு பொறி உண்டு: தொற்றி இரண்டு மூன்று மாதம்வரை எதிரணு உருவாகாமல் போகலாம், அப்போது கார்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும்.

உண்மையைச் சொல்வது இரண்டாவது பரிசோதனை. ரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. வைரல் லோடு என்பார்கள். காசநோய்க்குச் சளியைச் சோதிக்கும் ட்ரூநாட், சிபிநாட் இயந்திரங்களிலேயே இதையும் செய்ய முடியும். இதில் வைரஸ் இல்லை என்று வந்தால் நோய் இல்லை, மருந்தும் வேண்டாம். இருக்கிறது என்று வந்தால் மட்டுமே சிகிச்சை. முதல் தாளோடு பயந்து ஓடுபவர்களும், முதல் தாளோடு அலட்சியமாக இருந்துவிடுபவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

மாமாவுக்கு வைரஸ் இருந்தது.

அந்த வாரத்தில்தான் ஊரிலிருந்து யோசனைகள் வரிசைகட்டின. விடியற்காலை வெறும் வயிற்றில் மூன்று நாள் பச்சிலை கொடுக்கும் இடம், மூக்கில் சொட்டு விடும் இடம், மணிக்கட்டில் சூடு போடும் இடம். கீழாநெல்லியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்பட்டதில்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளும்பெர்க்கையே சேர்த்துக்கொண்டு, கீழாநெல்லி பி வைரஸை விரட்டுகிறது என்று லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னால் மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அதுவும் பி வகைக்கு. சி வகையைக் கீழாநெல்லி குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. மற்ற பச்சிலைகளில் என்ன கலக்கிறார்கள் என்பது கொடுப்பவருக்கே வெளிச்சம். ஏற்கெனவே புண்பட்ட கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

பி-யையும் சி-யையும் நம்மவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வதால் இதையும் பிரித்துவிடுவோம். பி-க்குத் தடுப்பூசி உண்டு. நம் குழந்தைகளுக்குப் பிறந்த 24 மணி நேரத்தில் முதல் ஊசி போடுகிறார்கள். ஆனால் தங்கிவிட்ட பி-யை முழுசாக ஒழிக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை, ஏனென்றால் அது கல்லீரல் அணுவின் உட்கருவுக்குள்ளேயே போய்ப் பதுங்குகிறது. சி தன்னை நகலெடுக்கும்போது ஏகப்பட்ட எழுத்துப் பிழை விட்டு ஓயாமல் உருமாறுகிறது. அதனால் அதற்குத் தடுப்பூசி செய்ய முடியவில்லை. ஆனால் அது உட்கருவுக்குள் போவதில்லை. நகலெடுப்பதை நிறுத்திவிட்டால் மிச்சமில்லாமல் அழிந்துபோகும். ஒன்றைத் தடுக்கலாம், ஒழிப்பது கஷ்டம். மற்றதைத் தடுக்க ஊசியில்லை, ஆனால் ஒழித்துவிடலாம்.

இந்த ஒழிப்பு வந்தே பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் இன்டர்ஃபெரான் ஊசி. ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை போட வேண்டும். காய்ச்சல், முடி கொட்டல், மனச்சோர்வு என்று ஆளை உருக்கிவிடும்; இவ்வளவுக்கும் பிறகு குணமானவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தது. வைரஸ் தன் சங்கிலியைக் கோக்கும்போது போலிக் கண்ணியாக உள்ளே நுழைந்து, மேற்கொண்டு கோக்கவிடாமல் நிறுத்தும் மாத்திரை. அன்றைக்கு அங்கே 12 வாரத்துக்கு விலை 84,000 டாலர், மாத்திரை ஒன்றுக்கு ஆயிரம் டாலர். அடுத்த வருடமே இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கிடைத்து, 2015-ல் இங்கே 28 மாத்திரை டப்பா சுமார் 20,000 ரூபாய்க்கு வந்தது. பிறகு இன்னும் இறங்கியது. 2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் தேதி மேலே சொன்ன புளும்பெர்க்கின் பிறந்தநாள், உலக ஹெபடைடிஸ் நாளும் அதுவே. அந்தத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

ஆயிரம் டாலர் மாத்திரை நம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது என்பதை மாமா கடைசிவரை நம்பவில்லை. "இலவசம்னா வேலை செய்யுமா மாப்ள?" என்றார். செய்யும், சரியாகச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். தர்மபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே மருத்துவப் பிரிவில் ஹெபடைடிஸ் சிகிச்சை பற்றிக் கேட்டால் வழி சொல்வார்கள். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

மாத்திரை தொடங்குமுன் டாக்டர் பார்த்தது கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை. வயது, இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு, ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து ஒரு கணக்குப் போட்டாலே இறுக்கம் உண்டா என்று ஓரளவு தெரிந்துவிடும், கூடவே ஸ்கேன். பி வைரஸும் சேர்ந்து இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், ஏனென்றால் சி-யை அடக்கும்போது தூங்கிக்கொண்டிருக்கும் பி விழித்துக்கொள்ளலாம். இருதயத் துடிப்புக்கான அமியோடரோன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகள் இந்த மாத்திரைகளோடு ஒத்துவராது. நெஞ்செரிச்சலுக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் ஒமிப்ரசோல்கூட வெல்பட்டாஸ்விர் என்ற மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். எனவே சாப்பிடும் எல்லா மருந்துச் சீட்டையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் முடியும்வரை சிகிச்சையைத் தள்ளிவைப்பதே வழக்கம்.

மாமாவுக்கு இறுக்கம் முற்றவில்லை. சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்லட்டாஸ்விர் 60 மில்லிகிராம், தினம் ஒவ்வொன்று, 12 வாரம். சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கு மருந்தும் காலமும் மாறும். பத்தியம் என்ன என்று அத்தை கேட்டார். களி சாப்பிடலாமா? சாப்பிடலாம். கீரை கடைசல், முட்டை, கறி எல்லாமே சாப்பிடலாம். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குத்தான் உப்பைக் குறைப்பார்கள். எண்ணெய் இல்லை, உப்பு இல்லை என்று வாயைக் கட்டி ஆளைச் சக்கையாக்குவதில் கல்லீரலுக்கு லாபமில்லை. சாராயம் மட்டும் ஒரு சொட்டும் கூடாது. சி-யும் குடியும் சேர்ந்தால் இருபது வருடப் பாதையை இன்னும் சீக்கிரமே கடந்துவிடலாம். மாமா முதல் வாரம் லேசாகத் தலைவலி என்றார். அப்புறம் அதுவும் இல்லை. அத்தை காலண்டரில் 84 நாளுக்கும் பேனாவால் டிக் போட்டார். நடுவில் ஒரு கல்யாணத்துக்கு ஓசூர் போனபோது மாத்திரை இடுப்பு முடிச்சில் போனது.

குணமானதா என்பது மாத்திரை முடிந்த அன்று தெரியாது. இன்னும் 12 வாரம் காத்திருந்து, மறுபடி வைரல் லோடு பார்க்க வேண்டும். அப்போதும் வைரஸ் இல்லையென்றால் குணம், முடிந்தது. பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசிப் பரிசோதனையைத்தான். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று போகாமல் இருந்துவிடுகிறார்கள். சிரோசிஸ் வந்தவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று: அம்மை மாதிரி ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்பதெல்லாம் இதில் இல்லை. மறுபடி கெட்ட ஊசி ஏறினால் மறுபடி வரும்.

எதிரணுவும் போகாது. குணமான பிறகும் ஆயுள் முழுக்கக் கார்டில் இரண்டு கோடு விழும். அதனால் ரத்த தானம் செய்ய முடியாது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மறுபடி அதே தடித்த எழுத்து வரும். ஆனால் ஆபரேஷன் செய்வதற்கு இது தடையே அல்ல. எல்லா நோயாளியையும் தொற்று இருப்பவராகவே எண்ணி உறை, கருவி, சுத்திகரிப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எங்குமுள்ள மருத்துவ நெறி.

இந்த வருடம் இடது கண்ணுக்குப் போனோம். வலது கண் ஏற்கெனவே வேறொரு இடத்தில் முடிந்து, கூடையெல்லாம் அவரே எண்ணுகிறார். ரத்தம் எடுத்த பெண் அரை மணி நேரம் கழித்துத் தாளோடு வந்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா, உங்களுக்கு லிவர்ல..." என்று ஆரம்பித்தார். மாமா முடிக்கவிடவில்லை. மடியிலிருந்த மஞ்சப் பையைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த வைரல் லோடு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். "அது பழைய தழும்பும்மா. உள்ள வண்டு இல்ல, படிச்சுப் பாரு."